பீப்பா அண்ணை பிறிட்ஜுக்குக் குழாய் பூட்டிய கதை

ரொறன்ரோவில் குப்பை வைக்கும் நாளைத் திருநாளாகக் கொண்டாடிய ஒரே தமிழர் பீப்பா அண்ணைதான். மற்றவர்கள் தங்கள் வீட்டுக் குப்பையை வாசலில் வைப்பதற்கு எழும்புவார்கள். அவர் அடுத்த வீட்டுக் குப்பையைப் பார்ப்பதற்கு எழும்புவார். மல்வேர்னில் அவர் குடியிருக்கும் ரவுண்ஹவுஸ் வரிசையில் கால் முறிந்த கதிரை ஒன்று தெருவுக்கு வந்தால், லொறி வருமுன்னர் அது அண்ணையின் கராஜுக்குள் போய்ப் படுத்துவிடும். காசு கொடுத்துச் சாமான் வாங்குவது, அவரைப் பொறுத்தவரை, மூளையைப் பாவிக்கத் தெரியாதவர்கள் செய்யும் வேலை.

பீப்பா என்றதும் ஒரு வயிற்றை நினைத்திருப்பீர்கள். மறந்துவிடுங்கள். ஆள் முருங்கைக்காய். பெயர் வந்த கதை வேறு.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் ஏழு இளந்தாரிகள் ஒன்றாக இருந்தோம். ஒருநாள் அண்ணை வேலை முடிந்து நீலப் பிளாஸ்ரிக் பீப்பா ஒன்றோடு வந்தார். ஆளைவிடப் பீப்பா அகலம். அதை ஸ்ரீற்கார் என்ற ட்ராம் வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார். சாரதி இறங்கு, இறங்கு என்று கத்தினாராம். அண்ணைக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. எங்கள் தரிப்பிடம் வரும்வரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"உதை என்ன செய்யப்போறியள் அண்ணை?" என்று கேட்டான் குட்டி. எங்களுக்குள் வயதில் ஆகச் சிறியவன் அவன். வாய் மட்டும் ஆகப் பெரியது.

"வச்சிருப்பம். ஒருநாளைக்கு உதவும்."

அது முதலில் அரிசி வைக்கும் பாத்திரமாக இருந்தது. பிறகு துணி தோய்க்கும் இயந்திரம். கடைசியில் குட்டியின் கதிரை. கவிழ்த்துப் போட்ட பீப்பாவின்மேல் ஏறிக் குந்தி, கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் வரிசையாக நக்கலடிப்பான். 'பீப்பா அண்ணை' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அண்ணையின் ஞானஸ்நானப் பெயர் எங்களில் பலருக்கு அவருடைய கலியாண அழைப்பிதழைப் பார்த்துத்தான் தெரியவந்தது. ஆரோ வேற்று ஆளின் கலியாணம் என்று நினைத்து ஒருவன் வராமலே விட்டுவிட்டான்.

பிறகு எல்லோருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. கலியாணம், பிள்ளைகள், வீடு, வீட்டுக்கடன். ஒருவன் மல்வேர்ன், ஒருவன் மில்லிக்கன், ஒருவன் மேப் பார்த்தாலும் பிடிபடாத ஏதோ ஒரு புது ஊர். ஒரே அறையில் கால் முட்டக் கிடந்தவர்கள், ஒருவரையொருவர் பார்ப்பதற்குச் செத்தவீடு தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டோம்.

போன கோடை முடிகிற நேரம் குட்டிக்கு மாரடைப்பு வந்தது. எங்களில் கடைசியாகப் போகவேண்டியவன், சொல்லாமல் கொள்ளாமல் முதலாவதாகப் போய்விட்டான்.

பியூனரல் ஹோமின் கார் பார்க்கில் நின்றோம். மில்லிக்கன் நேசன் சிவாவின் தோளில் தட்டி, "எவ்வளவு காலமடா கண்டு! போனமுறை எங்கை சந்திச்சனாங்கள்?" என்று கேட்டான்.

"இஞ்சைதான்," என்றான் சிவா.

"அதுக்கு முந்தி?"

"இஞ்சைதான் மச்சான். அங்காலை மற்ற ஹோலிலை."

சிரிப்பு வந்தது. சிரித்துமுடிய ஒருவருக்கும் வேறு ஒருவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத பீப்பா அண்ணை திறந்தார்.

"நான் ஒரு குழாய் பூட்டப்போறன்."

"என்ன குழாய்?"

"பியர்க் குழாய். வீட்டிலையே பியர் காய்ச்சி, பீப்பாவிலை அடைச்சு, பழைய பிறிட்ஜ் ஒண்டுக்குள்ளை வச்சு, வெளியிலை குழாய். திறந்தால் வரும்."

துக்கத்தில் மனுசனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தோம். ஏனென்றால் அண்ணை பெரிய குடிகாரர் அல்ல. ஒரு போத்தல் பியரை உடைத்தால், ரெலிவிசனில் ஒரு முழுப்படம் ஓடி முடிந்து செய்தியும் முடியும்வரை வைத்திருப்பவர்.

"கடையிலை வாங்கினால் என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"உங்கைதான் பிழை. போத்தில் எண்டால் முடிஞ்ச உடனை எழும்பி வீட்டை போயிடுவியள். பீப்பா எண்டால் ஒருநாளிலை முடிக்கேலாது. அடுத்த கிழமையும் வந்துதான் ஆகவேணும்." இறந்தவன் கிடந்த கட்டடத்தின் பக்கம் கையைக் காட்டினார். "நான் சொல்லுறன் கேளுங்கோ. அடுத்தமுறை நாங்கள் சந்திக்கிறது உந்தப் படலைக்குள்ளை இருக்கக்கூடாது."

இவ்வளவுதான் விசயம். மனுசனுக்குப் பியர் ஒரு சாட்டு. தான் கூப்பிட்டால் பழைய பெடியள் வருவார்களா, மாட்டார்களா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய அவர் ஒரு பிறிட்ஜைக் கொல்லவும் ஆயத்தமாக இருந்தார். கொன்றும்விட்டார்.

தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரனின் வீடியோவை இன்ரநெற்றில் பார்த்துத்தான் அண்ணை தொழில் பழகினார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அண்ணைக்கு அவன்மேல் துளியும் மரியாதை கிடையாது.

"பாரும், ஒவ்வொரு சாமானையும் கடையிலை போய் வாங்குறான். மடையன்."

முதல் பிறிட்ஜ் நேசனின் தெருவில் கிடைத்தது. மில்லிக்கனில் குப்பையும் பணக்காரக் குப்பை. "அண்ணை, கெதியா வாங்கோ, வேற ஒருத்தன் சுத்திச் சுத்திப் பாக்கிறான்" என்று நேசன் தகவல் தர, என்னுடைய வான் வண்டியில் பறந்தோம். பிறிட்ஜை ஏற்றியபின் வானின் பின்கதவு பூட்டவில்லை. அண்ணை உள்ளே ஏறி அதைக் கட்டிப்பிடித்தபடியே மல்வேர்ன்வரை வந்தார். சிவப்பு விளக்குகளில் நின்ற சனம் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கராஜில் இறக்கிவைத்து, செருகியைக் கொழுவினோம். அருமையாகக் குளிர்ந்தது. அண்ணை துளைக்கும் மெசினை எடுத்துச் சிலுவை அடையாளம் போட்டு, பக்கச் சுவரில் ஒரு துளை போட்டார்.

உஸ்ஸ்ஸ் என்றொரு சத்தம்.

பார்க்க வந்திருந்த சிவா ஓரடி பின்னுக்குப் போனான். "அண்ணை, உசிர் போகுது."

உண்மைதான். பிறிட்ஜின் பக்கச் சுவருக்குள் காஸ் ஓடும் மெல்லிய பைப் ஒளிந்திருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் பிறகு அது வெறும் அலுமாரி. தாடிக்காரன் வீடியோவில் இதைச் சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில்தான் அண்ணை அவனை மடையன் என்று திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த குப்பை நாள் அந்தப் பிறிட்ஜை அவரே வாசலில் கொண்டுபோய் வைத்தார். அவர் வாழ்நாளில் வைத்த முதல் குப்பை அதுதான் என்று அயல் முழுக்கக் கதை.

அதற்குப் பிறகு மனுசன் கராஜுக்குள் போய் அந்த நீலப் பீப்பாவின்மேல் சும்மா இருக்கத் தொடங்கினார். ஓம், அதே பீப்பா. அதை அவர் விடுவாரா? பிலோமினா அக்கா, அவருடைய மனைவி, எனக்கு ரெலிபோன் எடுத்தா. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனுசி. எந்த ஆளையும் ஒரு பார்வையில் படுக்கவைக்கவும் எழுப்பவும் தெரிந்தவ.

"உவர் சாப்பிடுறார், வேலைக்குப் போறார். ஆனால் கதைக்கிறாரில்லை. குட்டி போனதை நினைச்சுக்கொண்டு இருக்கிறார் எண்டு தெரியுது. திட்டினாலும் திருப்பித் திட்டுறாரில்லையடா தம்பி. எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் போனபோது அக்கா கராஜில் நின்றா. அங்கே அவவுடைய சொந்தப் பிறிட்ஜ் ஒன்று உண்டு. மண்ணிறம், மாட்டு வண்டிக்காலத்துச் சாமான். மீன், இறால், கருவாடு, முருங்கையிலை எல்லாம் அதற்குள்தான். தமிழ் வீட்டில் இரண்டாவது பிறிட்ஜ் என்பது மனைவியின் சீதனக் காணி மாதிரி. புருசனுக்கு உள்ளே பார்க்கத்தான் உரிமை.

"இதை எடுங்கோ," என்றா அக்கா.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "மெய்யாவோ?"

"மெய்யாத்தான். ஆனால் கதவிலை கை வைக்கக்கூடாது."

கதவில் மாதா படம். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அக்கா பசை பூசி ஒட்டியது. கதவுக்குள் பைப் எதுவும் ஓடாது, கண்ணை மூடிக்கொண்டு துளைக்கலாம் என்று தாடிக்காரன் பத்துத்தரம் சொல்லியிருக்கிறான். ஆனால் தாடிக்காரனின் பிறிட்ஜில் மாதா இல்லை.

"கொஞ்சம் தள்ளி, ஒரு கரையிலை…" என்று அண்ணை இழுத்தார்.

"மாதாவின்ரை காதுக்குப் பக்கத்திலை பியர்க் குழாயோ? சேசுமரிசூசையே! தலைகீழா நிண்டாலும் நடவாது."

ஆகவே மறுபடியும் பக்கச் சுவர். மறுபடியும் ஒளிந்திருக்கும் பைப். மீன் எல்லாம் என் வீட்டு பிறீசருக்கு அகதியாக வந்தது. அண்ணை துளைக்கும் மெசினைக் கையில் எடுப்பார், வைப்பார், எடுப்பார். இதையும் கொன்றால் அக்கா அவரைக் கொன்றுவிடுவா என்பது ஒருபக்கம். இதுவும் போனால் பெடியளைக் கூப்பிட ஒரு சாட்டும் மிஞ்சாது என்பது மறுபக்கம்.

வழி சொன்னவன் சிவா. எங்கள் கூட்டத்தின் சைவக் கோயில்காரன். நெற்றியில் மூன்று குறி இல்லாமல் அவனை அவன் மனைவியே அடையாளம் காணமாட்டா.

"அண்ணை, பிறிட்ஜ் ஓடேக்கை அந்தப் பைப் சூடா இருக்கும். ஈரமா ஏதாவது பூசிவிட்டால் சூடான இடம் முதல் காயும். காஞ்ச இடம் வெள்ளையாத் தெரியும். அதை விட்டிட்டு மற்ற இடத்திலை துளைப்பம்."

"என்னத்தைப் பூசுறது?"

"மா."

"சாப்பாட்டுச் சாமானை வீணாக்க விடமாட்டன்," என்று வீட்டுக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது.

சிவா காருக்குப் போய் ஒரு பைக்கற்றோடு வந்தான். "கோயிலிலை வாங்கினது. எப்பவும் காருக்குள்ளை கிடக்கும்."

விபூதி.

தண்ணீரில் குழைத்தான். மண்ணிறப் பிறிட்ஜின் பக்கத்தில் பூசத் தொடங்கினான். சும்மா அள்ளி அப்பியிருந்தால் பிரச்சினை இல்லை. ஐம்பது வருசப் பழக்கம் ஆளை விடுமா? மூன்று விரலை நீட்டி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழ்வரை, வரிவரியாக இழுத்துவிட்டான்.

"எடேய், என்னடா செய்யிறாய்?" என்று பதறினார் அண்ணை.

"நான் என்ன செய்ய அண்ணை, கை தன்ரை பாட்டிலை போகுது."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. அது ஐப்பசி, செபமாலை மாதம். மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபம் சொல்லுவார்கள். அன்று மாதா வருவது பீப்பா அண்ணை வீட்டுக்கு. அக்கா காலையிலேயே சொல்லியிருக்கிறா. அண்ணை வழமைபோல ஓம் என்றிருக்கிறார். விபூதி காயட்டும் என்று கராஜ் கதவை நாங்கள் முழுதாகத் திறந்து வைத்திருந்தோம்.

முன்னால் வந்தவ செபக்குழுத் தலைவி றீற்றா அன்ரி. கையில் சுரூபம். பின்னால் ஒரு படை. கராஜுக்கு நேரே வந்ததும் அன்ரியின் பாட்டு நடுவரியில் நின்றது.

முன்பக்கத்தில் மாதா. பக்கப்பாட்டில் நெடுக விபூதி. அதற்குக் கீழே, முழங்கை வரை வெள்ளையாக, சிவா.

"சேசுமரிசூசையே! உது என்ன?"

"பிறிட்ஜ் அன்ரி," என்றார் அண்ணை, மிகப் பணிவாக.

"பிறிட்ஜ் எண்டு எனக்குத் தெரியும். உதுக்கு ஆர் தீட்சை குடுத்தது?"

சிவா நடுங்கிப்போய், "அன்ரி, நாங்கள் பைப் தேடுறம்," என்றான். உண்மைதான். ஆனால் சில உண்மைகள் பொய்யைவிட மோசமாகக் கேட்கும்.

பிலோமினா அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தா. ஒரு பார்வையில் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டா.

"ஏன் அன்ரி, விபூதிப் புதனுக்கு எங்கடை நெத்தியிலையும் சாம்பல் பூசுறதுதானே. உந்தப் பிறிட்ஜ் கொஞ்சம் அவசரப்பட்டிட்டுது. நீங்கள் செபத்தைத் துவங்குங்கோ."

"இஞ்சையோ?"

"மாதா எங்கை நிக்கிறாவோ அங்கைதானே அன்ரி."

சுரூபத்தை அண்ணை தந்த நீலப் பீப்பாவின்மேல் வைத்தார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள். கராஜுக்குள் செபமாலை தொடங்கியது. ரயர், மண்வெட்டி, ஐந்தாறு உடைந்த காற்றாடி எல்லாவற்றுக்கும் நடுவில் இருபது பெண்கள் நின்று அருள்நிறை மரியே சொல்ல, பிறிட்ஜ் பின்னணியில் உர்ர் என்று பாடியது. சிவா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான். அவனுக்கும் பாதி வரிகள் தெரியும். எங்களோடு ஒரே அறையில் இருந்தவன் அல்லவா.

செபமாலையின் முதல் பத்து முடிந்திருக்காது. றீற்றா அன்ரியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பார்வை பிறிட்ஜின் பக்கச் சுவரில் குத்தி நின்றது.

"உங்கை பாருங்கோ! கோடு தெரியுது!"

ஈரச் சாம்பலுக்கு நடுவே, மேலேயும் கீழேயுமாக, பாம்பு ஓடினமாதிரி வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று காய்ந்து வந்துகொண்டிருந்தது. அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டா. பின்னால் நின்றவர்களும் போட்டார்கள். அண்ணை பாய்ந்துபோய், கோடு இல்லாத இடம் பார்த்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"மாதா காட்டித் தந்திட்டா," என்றான் சிவா. அவன் நக்கலடிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

செபம் முடிந்து, கடலையும் பழமும் கொடுக்கும் நேரம், அன்ரி மெல்லக் கேட்டா: "அது சரி, உந்தப் பிறிட்ஜ் என்னத்துக்குப் பிள்ளை?"

அண்ணை வானத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா மட்டும் அன்ரியின் முகத்தைப் பார்த்தா.

"செத்தவீட்டிலை மட்டும் சந்திக்கிற ஆம்பிளையள் உயிரோடையும் சந்திக்கட்டும் எண்டு அன்ரி."

அன்ரி தலையை ஆட்டினா. அவவும் புருசனைப் பறிகொடுத்த மனுசி.

அண்ணை துளை போட்டார். உஸ் சத்தம் வரவில்லை. பிறிட்ஜ் உர்ர் என்றது. மூன்று ஆம்பிளைகள் ஒரு பிறிட்ஜைக் கட்டிப்பிடித்து அழுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நல்லகாலம், செபக்குழு அதற்குள் போய்விட்டது.

மிச்சச் சாமானுக்கு அண்ணையின் வழமையான கடை, அதாவது தெரு. மூடிப்போன சாப்பாட்டுக் கடையொன்றின் பின்பக்கம் எறிந்திருந்த, சோடா வந்த உருக்குப் பீப்பா. மீன்தொட்டிச் செடிக்குக் கரியமிலக் காஸ் விட்டு அலுத்துப்போன ஒருவரிடம் இருந்து, பியரைத் தள்ள, அந்தக் காஸ் சிலிண்டர். வழியும் பியரைப் பிடிக்க, ஒரு தட்டத்தின்மேல் இடியப்பத் தட்டு. ஓட்டை ஓட்டையாக, இதற்கென்றே நெய்ததுபோல் இருந்தது. குழாய் ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கினார். அன்றைக்கு மனுசனுக்குப் பிரசர் ஏறியது என்பது அக்காவின் சாட்சியம். அதற்கும் பிடி தனியாக வாங்கவேண்டும் என்று கடைக்காரன் சொல்ல, "போடா" என்று விட்டுவந்து, அக்காவின் உடைந்த அகப்பைக் காம்பை முறுக்கிவிட்டார்.

பியரை அக்காவின் கிடாரத்தில் காய்ச்சினார். முந்தின கிழமை மாதா கோயில் விருந்துக்கு ஆட்டுக்கறி காய்ச்சிய அதே கிடாரம். "நல்லாக் கழுவினீங்களோ?" என்று நான் கேட்டேன். "கழுவாமல் விடுவனே?" என்றார். எத்தனைதரம் கழுவினாலும் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் தன் குணத்தை விடுமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை குழாய் திறப்பு விழா. அண்ணை ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சிவாவுக்குச் சிப்ற் வேலை. ஒருவனுக்குப் பேரப்பிள்ளை பார்க்கவேண்டும். ஒருவனுக்கு முழங்கால். நேசன், "பாப்பம் அண்ணை" என்றான். எங்கள் அகராதியில் பாப்பம் என்றால் வரமாட்டேன் என்று பொருள்.

ரெலிபோனை வைத்துவிட்டு அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, வருவாங்களே?"

"வருவாங்கள் அண்ணை."

"செத்தவீடு எண்டால் சிப்ற்றை மாத்திப்போட்டு வருவாங்கள்," என்றார்.

சனிக்கிழமை வந்தது. குளிரும் வந்தது. ஆளை விறைக்கவைக்கும் குளிர். முதலில் சிவா. பிறகு, நம்பமாட்டீர்கள், முழங்கால்காரன், நொண்டிக்கொண்டு. பிறகு பேரப்பிள்ளையைக் கையோடு கொண்டுவந்து அக்காவிடம் ஒப்படைத்த தாத்தா. கடைசியாக நேசன், "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்றபடி. மில்லிக்கனில் இருந்து மல்வேர்னுக்கு ஒருவரும் சும்மா வருவதில்லை.

அண்ணை வேட்டி உடுத்தி, அதற்குமேல் குளிர் ஜக்கற் போட்டு, அகப்பைக் காம்பைப் பிடித்து இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி இழுத்தார். இருமல் சத்தம்கூட இல்லை. உள்ளே திறந்து பார்த்தால் எல்லாம் கட்டி. விசயம் என்னவென்றால், கனடாவில் மார்கழியில் கராஜுக்குள் நிற்கும் பிறிட்ஜின் வேலை பியரைக் குளிராக்குவது அல்ல, உறையவிடாமல் காப்பது. தாடிக்காரன் வீடியோ எடுத்தது கோடையில்.

"அண்ணை, நாங்கள் வேணுமெண்டால் கட்டியைச் சூப்புவம்," என்றான் நேசன்.

அக்கா தலைமயிர் காயவைக்கும் மெசினைக் கொண்டுவந்து குழாய்க்குப் பிடித்தா. அண்ணை கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல் உள்ளே ஒரு பழைய பல்ப்பைக் கொளுத்திவிட்டார். பிறிட்ஜைச் சூடாக்கி அதைச் சுற்றி நாங்கள் குளிர்காய்ந்துகொண்டு இருந்தோம். பேச்சு சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனது. ஸ்ரீற்கார், கரப்பான், ஒரே ஒரு நல்ல சப்பாத்தை முறைவைத்து இன்ரவியூவுக்குப் போட்டது. குட்டி அந்தச் சப்பாத்துக்குள் பத்திரிகை அடைத்துக்கொண்டு போனது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பியரை எல்லோரும் மறந்தே போனோம்.

அப்போது பார்த்து, திறந்தபடி விட்டிருந்த குழாயின் அடைப்பு உடைந்தது. வெள்ளை நுரை சீறிப் பாய்ந்து நேராகச் சிவாவின் நெற்றியில் அடித்தது. மூன்று குறியும் கரைந்து மூக்கால் வழிந்தன. அண்ணை கிளாசை நீட்டிக்கொண்டு அவன் பின்னால் ஓடினார், ஒரு துளியும் வீணாகக்கூடாது என்று.

எல்லோருக்கும் ஊற்றியாயிற்று. குட்டியின் பெயரைச் சொல்லிக் குடித்தோம்.

நேசன்தான் தொடங்கினான். "அண்ணை… உறைக்குது."

"பியர் உறைக்குமே? விசர்க்கதை கதையாதை."

"கறுவா, ஏலக்காய் எல்லாம் வருது அண்ணை. பின்னாலை ஆடும் வருது."

அண்ணை ஒரு மிடறு குடித்தார். முகம் மாறியது. மாறியதை அமுக்கிக்கொண்டு, "சளி தடிமனுக்கு நல்லது," என்றார். அவ்வளவு மோசமான பியரை ஆயுளில் நான் குடித்ததில்லை. அன்று பின்னேரம் முழுக்க ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த சனியும் போனோம். அதற்கடுத்த சனியும். "அந்த ஆட்டுக்கறியை முடிக்கவேணுமே" என்பது எல்லோருக்கும் ஒரு சாட்டு. காரில் வருகிறவன் அரைக் கிளாசுக்குமேல் தொடக்கூடாது என்பது அக்காவின் சட்டம். போகப்போக அந்த அரை காலானது. கால் நாக்கு நனைகிற அளவானது. வாய்க்குப் பிடிக்காததால் குறைத்தோமா, பீப்பா முடிந்துவிடும் என்று பயந்து குறைத்தோமா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அண்ணை மட்டும் இடைக்கிடை பிறிட்ஜைத் திறந்து, பீப்பாவைத் தூக்கிப் பாரம் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்துவார்.

பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, குழாய் ஒருமுறை இருமியது. நுரை. பிறகு காற்று. அகப்பைக் காம்பை அண்ணை பிடித்தபடியே நின்றார்.

"சரி. முடிஞ்சுது," என்றார்.

"நல்லகாலம்," என்றான் நேசன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனோம். அடுத்த கிழமை என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. அண்ணையும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பியர் இல்லை, அங்கே போய் என்ன செய்வது? கடைசியில் அண்ணையிடம் வாங்கின குறடு ஒன்று நினைவுக்கு வந்தது. திருப்பிக் கொடுக்கவேண்டும், நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. எடுத்துக்கொண்டு மல்வேர்னுக்கு ஓடினேன்.

கராஜ் கதவு பூட்டியிருந்தது. தெருவோரம் ஒரு கார் நின்றது. உள்ளே சிவா, ரெலிபோனைப் பார்த்தபடி. அவனுக்கு முன்னால் நின்ற காருக்குள் முழங்கால்காரன். எதிர்ப்பக்கம் நேசன், எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டு. பேரப்பிள்ளைத் தாத்தா ஆசனத்தைச் சாய்த்துவிட்டு நித்திரைபோல் கிடந்தார். ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் வந்திருப்பதுபோலவும், மற்றவர்களைக் காணாததுபோலவும் இருந்தான். நான் சிவாவின் கண்ணாடியில் தட்டினேன்.

"என்னடா இஞ்சை?"

"விபூதிப் பைக்கற்றை விட்டிட்டுப் போட்டன்," என்றான். "நீ?"

குறட்டைக் காட்டினேன்.

வீட்டுக் கதவு திறந்தது. பிலோமினா அக்கா எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தா. இரண்டு கையையும் இடுப்பில் வைத்தா.

"வெக்கங்கெட்டதுகள். உங்கை ஒளிச்சு இருக்கிறியளே? அந்த மனுசன் காலமை தொடக்கம் உள்ளை குந்திக்கொண்டு இருக்குது, இனி ஒருத்தரும் வரமாட்டாங்கள் எண்டு."

உள்ளே போய் அவவே பொத்தானை அமத்தினா. கராஜ் கதவு மெல்ல மெல்ல மேலே எழும்பியது. முதலில் சப்பாத்து தெரிந்தது. பிறகு வேட்டி. பிறகு ஜக்கற். கவிழ்த்துப் போட்ட நீலப் பீப்பாவின்மேல், கால் இரண்டும் தரையில் முட்டாமல், பீப்பா அண்ணை இருந்தார்.

எங்களைக் கண்டார். வாய் கொஞ்சம் கோணியது. ஜக்கற் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பினார்.

"உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையே?" என்று கத்தினார். "வாருங்கோடா உள்ளை. காஸ் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. வீணாப் போகுமெண்டு பிறிட்ஜிலை கிடக்கிற உருக்குப் பீப்பாவுக்குள்ளை இஞ்சித் தேத்தண்ணியை ஊத்தி அடைச்சு வச்சிருக்கிறன்."

அகப்பைக் காம்பை இழுத்தார். குளிர்ந்த தேத்தண்ணி, சோடாபோலப் பொங்கி, நுரைத்து, இடியப்பத் தட்டெல்லாம் வழிந்து வந்தது. ஒரு வாய் குடித்தேன். இதோடு பார்த்தால் ஆட்டுக்கறிப் பியர் அமிர்தம்.

கிளாசைக் காலிசெய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ அண்ணை," என்று நீட்டினேன்.